ஒட்டு ரோஜா நாட்டு ரோஜாவாக மாறுமா?

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு ரோஜா என்றால் உயிர். பாளையங்கோட்டையில் தெருத் தெருவாகச் செடி விற்றுக்கொண்டு வருமே குட்டியானை வண்டி, அதில் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கருஞ்சிவப்பு ரோஜா வாங்கி வைத்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பூ. முதல் வருஷம் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருஷம் பூ குறைந்தது. மூன்றாம் வருஷம் செடி ஆள் உயரம் வளர்ந்து, கொடி மாதிரி வளைந்து மதிலைத் தாண்டிவிட்டது. பூ மட்டும் இல்லை.

“வேற ஒண்ணுமில்ல தம்பி, ஒட்டு ரோஜா நாட்டு ரோஜாவா மாறிட்டு. நம்ம ஊர் தண்ணி அப்படி” என்றார்.

திருநெல்வேலிச் சீமையில் எந்த ஊரில் ரோஜாப் பேச்சு எடுத்தாலும் இந்த வசனம் வந்துவிடும். தண்ணீரைக் குறை சொல்வார்கள், மண்ணைக் குறை சொல்வார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். உண்மையில் அந்தச் செடி எதுவாகவும் மாறவில்லை. நாம்தான் ‘நாட்டு ரோஜா’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி சங்கதிகளைப் போட்டு முடிந்து வைத்திருக்கிறோம். செடி யாருடைய வேரில் நிற்கிறது என்பது ஒன்று. அதன் வம்சம் எது என்பது இன்னொன்று. வருஷத்துக்கு எத்தனை தடவை பூக்கும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம்.

மேல்வீடும் கீழ்வீடும்

ஒட்டு மாங்கன்று தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ரோஜாவிலும் அதே வேலைதான். முதலில் ஒரு முரட்டு ரோஜாவை வளர்க்கிறார்கள். எந்த மண்ணிலும் வேர் பிடிக்கும், சீக்கிரம் தடிக்கும், ஆனால் பூ பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. வேருக்காக மட்டும் வளர்க்கப்படும் இதை ‘வேர்ச்செடி’ என்று வைத்துக்கொள்வோம். அதன் தண்டில் பட்டையை மட்டும் கீறித் திறந்து, நமக்கு வேண்டிய அழகான ரோஜாவிலிருந்து ஒரே ஒரு கண்ணைச் சீவி எடுத்து உள்ளே செருகிக் கட்டுகிறார்கள். கண் என்றால், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் அரிசி முனை அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும் குருத்து. அது பிடித்து முளைத்ததும் முரட்டுச் செடியின் மேல்பாகத்தை வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

ஒரு கண் எப்படி இன்னொரு செடியில் ஒட்டுகிறது? பச்சைக் கம்பின் பட்டையை நகத்தால் உரித்தால் உள்ளே ஈரமாக, வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். தண்டு தடிப்பதற்கான புது உயிரணுக்கள் பிறக்கிற இடம் அதுதான். வளர்படலம் என்று பெயர். இரண்டு செடிகளின் வளர்படலமும் ஒன்றையொன்று தொட்டபடி சில வாரம் அசையாமல் இருந்தால், காயம் ஆறும்போது தண்ணீர்க் குழாய்களும் சாறு போகும் குழாய்களும் இணைந்துகொள்கின்றன.

குழாய்தான் இணைகிறது. ஆள் கலப்பதில்லை. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கீழ்வீட்டில் ஒரு குடும்பம், மேல்வீட்டில் ஒரு குடும்பம், இரண்டுக்கும் ஒரே மோட்டார், ஒரே தண்ணீர்த் தொட்டி என்று இருந்தால் எப்படியோ அப்படி. தண்ணீர் பொது, சமையல் வேறு, சாமி வேறு. ஒட்டுக்கு மேலே வரும் எந்தக் கிளையும் கருஞ்சிவப்பு ரோஜாதான். ஒட்டுக்குக் கீழே வரும் எந்தத் தளிரும் அந்த முரட்டு ரோஜாதான். நூறு வருஷம் சேர்ந்திருந்தாலும் ஒருவர் இன்னொருவராக மாற மாட்டார்கள்.

அப்படியானால் அண்ணாச்சி வீட்டில் என்னதான் நடந்தது? மேல்வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார், கீழ்வீட்டுக்காரர் மாடி எழுப்பிவிட்டார். வெயிலில் காய்ந்தோ, வெட்டிய இடத்திலிருந்து கருகல் இறங்கியோ மேல்செடி நலிந்துபோகிறது. வேர் மட்டும் தெம்பாக இருக்கிறது. உறிஞ்சிய தண்ணீரை மேலே அனுப்ப ஆளில்லாததால் வேர்ச்செடி தன் அடியிலிருந்து தானே தளிர் விடுகிறது. அது தெம்பாக நீண்டு வளரும். நாமும் “ஆஹா, செடி தழைச்சிட்டு” என்று தண்ணீர் ஊற்றுவோம். அது தழைக்கத் தழைக்க மேலே மிச்சமிருந்த ஒன்றிரண்டு நல்ல கிளையும் பட்டினியில் போய்ச் சேரும்.

நம் நாட்டு நர்சரிகளில் வேர்ச்செடி வேலைக்குப் பெயர் போனவற்றில் ஒன்று ரோசா மல்டிஃப்ளோரா என்ற கிழக்காசிய ரோஜா. கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. அதுவும் வருஷத்தில் ஒரு தடவைதான். அண்ணாச்சி பூவுக்குக் காத்திருந்ததில் அர்த்தமில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

இந்தத் தளிரை எப்படிக் கண்டுபிடிப்பது? “அஞ்சு இலை இருந்தா நல்லது, ஏழு இலை இருந்தா காட்டு ரோஜா” என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பி நான் ஒரு நல்ல கிளையை வெட்டியிருக்கிறேன். ஒட்டு ரோஜாவிலும் ஏழு சிற்றிலை வரும். பழைய வகைகளில் வெகு சாதாரணமாக வரும். இலையை எண்ணுவதை விட்டுவிட்டு, தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தண்டின் அடியில் முழங்கை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் ஒட்டு. களைக்கொத்தியால் மண்ணை மெல்ல விலக்கித் தளிரின் அடி வரைக்கும் போக வேண்டும். புடைப்புக்குக் கீழே அல்லது வேரிலிருந்து கிளம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதை வெட்டக் கூடாது. வெட்டினால் அடியில் ஒளிந்திருக்கும் கண்கள் நாலு தளிராக எழும்பும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அடியோடு பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று பிய்த்து எடுக்க வேண்டும். கொஞ்சம் பட்டையும் சேர்ந்து வந்தால் நல்லது.

சுருக்கமாக: ஒட்டு ரோஜா என்பது ஒரு தொட்டியில் வாழும் இரண்டு செடி. ‘மாறிப்போனது’ என்று நாம் சொல்வது, மேலுள்ளது போய்க் கீழுள்ளது தலையெடுத்தது. வேர்ச்செடி நாட்டு ரோஜாவும் அல்ல. அது வேலைக்கு வந்த வேறொரு ரோஜா.

ஆச்சி வீட்டுப் பன்னீர் ரோஜா

சரி, அப்படியானால் நாட்டு ரோஜா என்று எதைத்தான் சொல்வது? நம்மில் நிறையப் பேர் மனதில் ஒரு செடி இருக்கும். எனக்குச் சேரன்மகாதேவியில் ஆச்சி வீட்டுப் புறவாசலில் கிணற்றடியை ஒட்டி நின்ற செடி. குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகும் வழியில் நிற்கும். பெரியவர்கள் யாரும் அதற்குத் தனியாக உரம் வைத்து நான் பார்த்ததில்லை. அரிசி களைந்த தண்ணீர் மட்டும் அதன் பங்கு. தண்டு நெடுக நெருக்கமாக முள். அந்த முள்ளைப் பக்கவாட்டில் பெருவிரலால் தள்ளினால் ‘டக்’கென்று உதிர்ந்துவிடும், அதை எச்சில் தொட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு காண்டாமிருகம் விளையாடுவோம். (எலுமிச்சை முள் இப்படி வராது. அது கட்டையிலிருந்து வளர்வது. ரோஜா முள் வெறும் தோல் வளர்ச்சி.) பூ இளஞ்சிவப்பு. நடுவில் இதழ்கள் ஒழுங்கில்லாமல் கசக்கித் திணித்த மாதிரி இருக்கும். காலையில் விரிந்தால் மாலைக்குள் கொட்டிவிடும். ஆனால் மணம் அடுக்களை வரைக்கும் வரும்.

இந்தச் செடி வேர்ச்செடியின் தயவில் நிற்கவில்லை. முருங்கைப் போத்தை ஊன்றுகிற மாதிரி, ஒரு வீட்டில் கம்பு வாங்கி இன்னொரு வீட்டில் ஊன்றி வந்தது. வேரும் அதுவே, கிளையும் அதுவே. தரையோடு வெட்டினாலும் அடியிலிருந்து வருவது அதே ரோஜாவாகத்தான் இருக்கும். அதனால்தான் ஆச்சி செடி ‘மாறவே’ இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். போத்தில் வளர்ந்த செடி தாய்ச்செடியின் பிள்ளை அல்ல, தாய்ச்செடியின் துண்டு. அந்தத் துண்டின் துண்டு, அதன் துண்டு என்று போனால் எங்கோ ஒரு காலத்தில் முளைத்த ஒரே ஒரு விதைச்செடியில் போய் முடியும். ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் நின்றதும், அம்பாசமுத்திரத்தில் ஆச்சியின் தங்கை வீட்டில் நின்றதும் உடம்பால் ஒரே செடி.

எந்த நாட்டு ‘நாட்டு’?

நாட்டுத் தக்காளி என்கிறோம். தக்காளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கொய்யா, பப்பாளி, மிளகாய் எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குதான். நம் வாயில் ‘நாட்டு’ என்ற சொல்லுக்கு ‘இங்கேயே பிறந்தது’ என்று பொருள் இல்லை, ‘ரொம்ப நாளாக நம்மோடு இருப்பது’ என்றுதான் பொருள். ரோஜாவுக்கும் அதுதான் கதை.

தென்னிந்தியாவுக்கென்றே சொந்தமான காட்டு ரோஜா ஒன்று உண்டு. நீலகிரி, பழனி மலை போன்ற உயரமான குளிர்ந்த இடங்களில் வெள்ளையாகப் பூக்கும்; ரோசா லெஷனோல்ட்டியானா என்று பெயர். பாளையங்கோட்டை வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் வீட்டு ரோஜாவும் அது இல்லை.

நம் வீட்டு ரோஜாக்களின் வம்சத்தைத் தேடினால் இரண்டு வழி தெரியும். ஒன்று மேற்கு. டமாஸ்கஸ் நகரத்தின் பெயரால் டமாஸ்க் ரோஜா என்று அழைக்கப்படுவது. பன்னீரும் அத்தரும் காய்ச்சுவதற்குப் பெயர் போன ரோஜா. மணம் இதன் சீதனம். இன்னொன்று கிழக்கு. சீனத்தில் பல நூற்றாண்டு தோட்டத்தில் வளர்ந்த சீன ரோஜா. மணம் கம்மி, தண்டு மெலிசு. ஆனால் ஒரு பூ உதிர்ந்தால் அடுத்த பூ என்று ஓயாமல் பூக்கும். 1790-களில் இது கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை பூப்பதையே பார்த்துப் பழகியவர்களுக்கு அதிசயமாகிப் போனது.

இரண்டு வழியும் சந்தித்த இடங்களில் ஒன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு. அந்தக் காலத்தில் அதற்குப் புர்போன் தீவு என்று பெயர். அங்கே தோட்டங்களுக்கு வேலியாகவே ரோஜா வைப்பார்களாம். டமாஸ்க் ஒரு வரிசை, சீன ரோஜா ஒரு வரிசை. நாம் கள்ளி வைப்பதுபோல அவர்கள் ரோஜா வைத்திருக்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள். வேலிக்கிடையில் தானாக மகரந்தம் கலந்து முளைத்த செடியிலிருந்து ஒரு புது வகுப்பே உருவானது. 1820-ஐ ஒட்டி அதன் விதை பாரிஸுக்குப் போய் ‘புர்போன் ரோஜா’ என்று ஊர் பேர் எடுத்தது. நம் தோட்டக்கலைப் புத்தகங்கள் ‘எட்வர்ட் ரோஜா’ என்று சொல்லும் இளஞ்சிவப்பு, மணமுள்ள பழைய ரோஜா இந்த வகுப்பைச் சேர்ந்தது. இந்தியாவில் இதைப் பூவுக்காகவும் வளர்க்கிறார்கள், வேர்ச்செடியாகவும் வைத்து ஒட்டுகிறார்கள். குழப்பத்துக்கு இது போதாதா!

உலக அளவில் ‘பழைய ரோஜா’ என்பதற்கு ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். 1867. பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்ற நர்சரிக்காரர் ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜாவைக் கொண்டுவந்த வருஷம் அது. கூம்பு வடிவ மொட்டு, நீளக் காம்பு, காம்புக்கு ஒரு பெரிய பூ என்று இன்று பூக்கடையில் பார்க்கிற ரோஜாவின் மூத்த ஆள் அதுதான். அந்த ஆண்டுக்கு முன்பே இருந்த வகுப்புகள் பழைய ரோஜா. அதற்குப் பின் வந்த வகுப்புகள் புது ரோஜா. கவனியுங்கள், இந்தக் கோட்டுக்கும் ஒட்டுக்கும் தொடர்பே இல்லை. பழைய ரோஜாவையும் ஒட்டலாம், புது ரோஜாவையும் போத்தில் வேர் பிடிக்க வைக்கலாம்.

‘பன்னீர்’ என்ற பேரிலும் ஒரு சின்ன எச்சரிக்கை. நர்சரியில் பன்னீர் ரோஜா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு செடியை எடுத்து நீட்டுவார்கள். மணமுள்ள இளஞ்சிவப்பு எல்லாமே அவர்களுக்குப் பன்னீர்தான். திருச்செந்தூரில் விபூதி வைத்துத் தரும் பன்னீர் இலைக்கும் ரோஜாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது ஒரு மரத்தின் இலை. பெயரை நம்பாமல் செடியின் நடத்தையைப் பார்ப்பதே நல்லது.

ஓயாமல் பூப்பது ஒரு கோளாறு

நடத்தை என்றால் முக்கியமாக இதுதான்: வருஷத்தில் ஒரு பருவம் மட்டும் பூக்குமா, மாதாமாதம் பூக்குமா?

காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் ஒரு பருவம்தான். மாமரம் மாதிரி. குளிர்காலத்தில் உறங்கி, வெயில் திரும்பியதும் தளிர்த்துப் பூத்து, காய் பிடித்து, அப்புறம் வருஷம் முழுவதும் இலையும் கம்பும் வளர்ப்பதோடு சரி. அத்தருக்கு வளர்க்கும் டமாஸ்க் ரோஜாவும் அந்த ரகத்தில்தான் சேர்த்தி. ராஜஸ்தானில் புஷ்கர், ஹல்திகாட்டிப் பக்கம் அதற்குப் பெயரே ‘சைத்தி குலாப்’, அதாவது சித்திரை மாதத்து ரோஜா. பல்கேரியாவின் கசன்லாக்கில் மே, ஜூனில் சில வாரம் அறுவடை, அவ்வளவுதான். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும் என்னும்போது, அந்தச் சில வாரத்தில் அவர்கள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

செடிக்குள் ஒரு பிரேக் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் அந்தப் பிரேக் பிடிக்கும். தளிர் வரும், ஆனால் நுனியில் பூ வராது. மறுபடி பருவம் வரும்போதுதான் பிரேக் தளரும். சீன ரோஜாவில் அந்தப் பிரேக்கே கெட்டுப் போயிருக்கிறது. 2012-இல் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பூப்பதைத் தடுக்கும் ஒரு மரபணுவின் நடுவில், எங்கிருந்தோ தாவி வந்த ஒரு துண்டு உட்கார்ந்துகொண்டு அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறது. மரபணு என்பது செடி தன் வேலையைச் செய்ய வைத்திருக்கும் குறிப்பேட்டின் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் நடுவில் யாரோ பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டால் படிக்க முடியுமா? ‘நிறுத்து’ என்ற உத்தரவைப் படிக்க முடியாததால் சீன ரோஜா நிறுத்துவதில்லை. ஒவ்வொரு தளிரும் பூவில் போய் முடிகிறது.

காட்டில் இது செடிக்கு நஷ்டம். சக்தியெல்லாம் பூவுக்கே போனால் வளர்வது எப்போது? தோட்டத்தில் மனிதன் அந்தக் கோளாறைக் கண்டு மகிழ்ந்து, காப்பாற்றி, உலகம் முழுவதும் பரப்பினான். இன்று பூக்கடையில் வருஷம் முழுவதும் ரோஜா கிடைப்பதற்கு அந்தக் கெட்டுப்போன பிரேக்கின் வம்சம்தான் காரணம்.

ஆகவே நம் சமவெளியில் ஒரு பன்னீர் ரோஜா தை மாதமும் பூக்கிறது, ஆனியிலும் பூக்கிறது என்றால், அதன் ரத்தத்தில் சீனப் பாட்டி ஒருத்தி இருக்க வாய்ப்பு அதிகம். அசல் டமாஸ்க் வேண்டும் என்று ஆசைப்பட்டு வடக்கேயிருந்து தபாலில் வரவழைப்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: வேண்டாம். அது எதிர்பார்க்கும் குளிர்காலம் இங்கே கிடையாது. இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதுவரை பார்த்தது: ‘நாட்டு’ என்பது வேரைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம், 1867 கோட்டைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம். ஓயாமல் பூப்பது இரண்டையும் சேராது. அது சீன ரோஜாவிலிருந்து வந்த ஒரு மரபணுக் கோளாறு.

தலைமடை, கடைமடை

பூ தளிரின் நுனியில் பிறக்கிறது என்றேன். அப்படியானால் தளிர் நிறைய வந்தால் பூவும் நிறைய வரும். தளிரை வரவழைப்பது எப்படி?

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரியும். தலைமடைக்காரர் வயல் நிரம்பும் வரை கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. ரோஜாக் கம்பின் நுனிதான் தலைமடை. இலை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வேகமாக வளரும் நுனி இழுத்துக்கொள்ளும். அதோடு நிற்காமல் ஆக்சின் என்ற ஒரு பொருளையும் கீழ்நோக்கி அனுப்பும். ஆக்சின் என்பது செடி தனக்குள் அனுப்பும் சேதி. ‘நான் இருக்கிறேன், நீங்கள் சும்மா இருங்கள்’ என்று வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள கண்களெல்லாம் உயிரோடிருந்தும் உறங்கும்.

நுனியை வெட்டினால் சேதி நின்றுவிடும், சர்க்கரை கீழே தேங்கும். வெட்டுக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று கண்கள் விழித்துக்கொள்ளும். ஒரு தலைமடை போய் இரண்டு மூன்று தலைமடை. கவாத்து என்பது இவ்வளவுதான். உதிர்ந்த பூவைக் காம்போடு விட்டுவைத்தால் செடி அதில் காய் பிடிக்கப் பார்க்கும், அடுத்த தளிர் தாமதமாகும். அதனால் வாடிய பூவுக்குக் கீழே, நன்றாக விரிந்த ஐந்து சிற்றிலை இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். பூவை ஒட்டினாற்போல் இருக்கும் மூன்று சிற்றிலைக் கணுவின் கண் பொதுவாக மெலிந்தது. தளிரும் மெலிசாகத்தான் வரும்.

காய்கறிக் கத்தியால் அறுத்து நசுக்காதீர்கள். நசுங்கிய இடத்தில்தான் கருகல் நுழையும். கூரான கட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், செடியை விட விலை கூடத்தான், பரவாயில்லை.

வெட்டிய நாளிலிருந்து பூ விரிய நம் வெப்பத்தில் ஏறக்குறைய 45 நாள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பொங்கலுக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ நாள் பார்த்து வெட்டலாம். நான் பெரிய வெட்டை மார்கழி நடுவில் வைத்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வடகிழக்குப் பருவமழை. இலை நனைந்தபடியே இருந்தால் கரும்புள்ளி நோய் வரும், புது வெட்டுக்காயமும் ஆறாது. மழை ஓய்ந்து பனி இறங்கும்போது வெட்டினால் மாசி முதல் வாரங்களில் செடி நிறையப் பூ. வருஷத்தில் ரோஜா தன் முழு அழகில் இருப்பது அப்போதுதான். பங்குனி, சித்திரையில் அதே செடியில் பூ பாதி அளவு இருக்கும். வெப்பத்தில் மொட்டு அவசரமாக வளர்ந்து, இதழ் சேரும் முன்பே விரிந்துவிடுகிறது. உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டாதீர்கள், அது வெயிலின் வேலை.

அடுத்த சோதனை ஆனி, ஆடிக் காற்று. குற்றாலத்தில் சாரல் என்று எல்லோரும் கிளம்பிப் போகும் அதே நாட்களில், மலையைத் தாண்டி ஈரம் வடிந்து வரும் மேல்காற்று கயத்தாறு, மானூர், பாளையங்கோட்டை எல்லாவற்றையும் வறட்டித் தள்ளும். இலை ஓரம் கருகினால் நோய் என்று மருந்தடிக்கும் முன், செடியை மேல்காற்று படாத மதிலோரம் நகர்த்திப் பாருங்கள். இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரி தெரிந்தால் மட்டும் செஞ்சிலந்திப் பேன்; அதற்கும் முதல் மருந்து, குழாய் நீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுவதுதான்.

மண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் காரத் தன்மையில் கரையாமல் கிடப்பதால் வேரால் எடுக்க முடியவில்லை. மட்கிய தொழுவுரம் நிறையச் சேர்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். திசையன்விளைத் தேரி மணலில் பிரச்சினையே வேறு, ஊற்றிய தண்ணீர் நிற்காது. அங்கேயும் மருந்து தொழுவுரம்தான்.

மணம் எங்கே போனது

“புது ரோஜாவுல வாசமே இல்ல” என்பது பாதி உண்மை. மணமுள்ள புது ரோஜாக்களும் உண்டு. ஆனால் ஓசூரிலிருந்து விமானமேறிப் போகும் பூவை வளர்ப்பவர் காம்பு நீளம், நிறம், எத்தனை நாள் வாடாமல் இருக்கும் என்பதைத்தான் பார்க்கிறார். தலைமுறை தலைமுறையாக அதையே பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் மணம் கேட்பாரற்றுப் போனது. ரோஜா மணம் ஒரே பொருள் அல்ல, ஜெரானியால் போன்ற பல பொருள்களின் கலவை. அதில் ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் என்ற ஒன்று மட்டும் தண்ணீரில் நன்றாகக் கரையும். பன்னீரில் மூக்கு உணர்வது பெரிதும் அதைத்தான். வெயில் ஏற ஏற மணப்பொருள் ஆவியாகிப் பறந்துவிடும் என்பதால்தான் அத்தருக்குப் பறிப்பவர்கள் விடியலிலேயே பறிக்கிறார்கள். ஆச்சியும் பல் தேய்க்கும் முன்பே பறித்துவிடுவாள். அது அத்தருக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரி முந்திவிடுவாள் என்பதற்காக.

களைக்கொத்தியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன மார்கழியில் அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்து அந்தச் செடியைத் தோண்டிப் பார்த்தோம். ஒரு சாண் மண்ணை விலக்கியதும் புடைப்பு தெரிந்தது. அதற்கு மேலே கறுத்துக் காய்ந்த இரண்டு குச்சி. ஒன்றின் அடியில் நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே இன்னும் பச்சை. புடைப்புக்குக் கீழே பெருவிரல் தடிமனில் மூன்று தளிர், முள்ளே இல்லாமல் வழவழவென்று. மதிலைத் தாண்டிப் போனவை அவைதான்.

“அப்போ இத்தனை நாளும் தண்ணி ஊத்துனது இதுக்கா?”

“ஆமா அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக அவரே பிய்த்தார். காய்ந்த குச்சியைப் பச்சை தெரியும் இடத்துக்கு இறக்கி வெட்டினோம். தை கடைசியில் புடைப்புக்கு மேலேயிருந்து செம்பு நிறத்தில் ஒரு தளிர் வந்தது. பங்குனி பிறக்கும்போது பூத்தது, ஒரே ஒரு பூ. கருஞ்சிவப்பு. வெயிலில் அளவு சிறுத்துத்தான் இருந்தது.

பிய்த்த மூன்று தளிரையும் நான் குப்பையில் போட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அவர் மாடிக்குப் போனபோது, பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் அதில் ஒன்று இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கிறது.

“தூரப் போட மனசு வரல தம்பி” என்றார். “பூக்காட்டாலும் இருந்துட்டுப் போட்டும்.”